ஆழியாறு ஏற்றத்தில் திக்கும் கார்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போன அப்பாவின் பழைய கார், வால்பாறை மலை ஏற ஆரம்பித்ததும் திக்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உதறல். காலை எடுத்தால் சாதுவாகிவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலேயே வண்டியைத் திருப்பிவிட்டோம்.

"ஏனுங்கண்ணா, பெட்ரோல்ல கலப்படமுங்களா?"

பட்டறைக்காரர் சிரித்தார். "பெட்ரோலு என்னங்க தம்பி பண்ணுச்சு? பிளக்கைக் கழட்டுனா அதே சொல்லிப்போடும்."

எஞ்சினின் சிலிண்டருக்குள் பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். சமதளத்தில் ஒழுங்காக இருக்கும் பிளக் மலையில் மட்டும் ஏன் மக்கர் பண்ண வேண்டும்? பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள்; பழைய கார்களில் பெரும்பாலும் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரமாக உயர்த்த, மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. வெளிக்காற்றில் 1 மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள்ளோ காற்றும் பெட்ரோலும் நெருக்கி அடைபட்டிருக்கின்றன. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது உள்ளே போகும் கலவை கூடும், அழுத்தம் கூடும், தாண்டத் தேவையான வோல்ட்டேஜும் கூடும். காயிலுக்கு அவ்வளவு தெம்பில்லை என்றால் பொறி விழாது. அதுதான் அந்த உதறல்.

பிளக் தேயத் தேய இந்தத் தேவை இன்னும் ஏறும். ஒவ்வொரு பொறியும் முனையைக் கொஞ்சம் அரிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம் ஒரு பிளக் நொடிக்கு 25 முறை, மணிக்கு 90,000 முறை பொறி விடும். அதே சுற்றில் 60 கி.மீ. வேகத்தில் 15,000 கி.மீ. ஓடினால் இரண்டேகால் கோடிப் பொறிகள்! கூரான விளிம்பிலிருந்து எளிதாகக் கிளம்பும் பொறி, மழுங்கிய விளிம்பில் தயங்கும். இடைவெளியும் அகன்றுவிடும். அதனால்தான் சாதாரண நிக்கல் பிளக்கை 15,000 முதல் 20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறார்கள். இரிடியம் பிளக் அதைப்போலப் பல மடங்கு உழைக்கும்.

அப்பாவின் காருக்கு மூன்று சிலிண்டர், மூன்று பிளக். கழற்றிய மூன்றையும் பட்டறைக்காரர் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். இரண்டு, பால் காப்பி நிறம், எரிதல் சரி. மூன்றாவதில் அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்பு: பொறி சரியாக விழாமல் அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் அரைகுறையாக எரிந்திருக்கிறது. மூன்றுமே கறுத்திருந்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைச் சந்தேகிக்கலாம். பிசுபிசுவென்று ஆயில் இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கலாம். புதுப் பிளக் அதற்கு மருந்தல்ல. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

மாற்றுவது அரை மணி நேர வேலைதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் உட்காரும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் சூட்டோடு திருகினால் மறை, அதாவது திருகுப் புரி, போய்விடும். பிளக்கைச் சுற்றியுள்ள புழுதியை முதலில் ஊதிவிடுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள்தான் விழும். வயரை இழுக்காமல் அதன் தொப்பியைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வயர் மாறினால் சிலிண்டர்கள் எரியும் வரிசையே மாறிவிடும். புதுப் பிளக்கின் இடைவெளியையும் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்துவிடுவது நல்லது. கையாலேயே கடைசி வரை திருகி, வாஷர் உள்ள பிளக் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் போதும். பலத்தைக் காட்டுகிறவர்கள்தான் மறையைக் கெடுக்கிறார்கள்.

"பழசை உப்புத்தாள்ல தேச்சுப் போட்டா ஆகாதுங்களா?" என்றார் அப்பா.

"மண்ணு உள்ள போயிருமுங்க" என்றார் பட்டறைக்காரர்.

அப்பா பழைய மூன்றையும் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொண்டார். எதுக்கும் கெடக்கட்டுமாம்.