சீனி ஏறினால் தானே வெளிவரும் இன்சுலின்: எதுவரை வந்திருக்கிறது?

இன்சுலினைக் குளிசையாகத் தர முடியாதா என்று சீனி வருத்தக்காரர் கேட்பது நியாயமே. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். விழுங்கினால் இறைச்சியோடு இறைச்சியாக அதுவும் செரித்துவிடும். தப்பினாலும் குடற்சுவரைக் கடக்க முடியாத அளவு பெரியது. 1922இல் முதல் நோயாளிக்கு ஏற்றியது ஊசியால். இன்றும் பெரும்பாலும் ஊசிதான்.

ஆய்வுகூடங்களில் இப்போது முயல்வது, சீனியின் அளவை உணர்ந்து மருந்தை விடும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய நனோ துணிக்கைகளை. ஒரு வகையில், பொலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) துணிக்கைக்குள் இன்சுலினோடு குளுக்கோஸ் ஒட்சிடேஸ் என்ற நொதியத்தையும் அடைப்பார்கள். சீனி கூடினால் நொதியம் அதைக் குளுக்கோனிக் அமிலமாக்கும். உள்ளே பீஎச் (அமில-கார அளவு) இறங்கும். பொலிமர் வீங்கியோ கரைந்தோ இன்சுலினை விடும். இன்னொரு வகையில் பீனைல்போரோனிக் அமிலம் குளுக்கோசைப் பிடித்துப் பொலிமரின் மின்னேற்றத்தை மாற்றும், அதனால் இன்சுலின் வெளிவரும். ஆனால் அது சாதாரண வடிவில் நன்றாக வேலைசெய்வது பீஎச் 8க்கு மேல், இரத்தமோ 7.4.

நொதிய வகைக்கும் தொல்லை உண்டு. அது ஐதரசன் பேரொட்சைட்டையும் உண்டாக்கும். அது இன்சுலினையே கெடுக்கும். ஆகவே அந்தப் பேரொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேஸ் நொதியத்தையும் சேர்ப்பார்கள். மேற்பரப்பில் ஒட்டிய இன்சுலின் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கொட்டினால் சீனி ஆபத்தாக இறங்கும். எங்கள் பார்வையில் மிகக் கடினமானது, சீனி குறைந்ததும் மருந்து வருவதை உடனே நிறுத்துவது.

இவ்வகை இன்சுலின் எதற்கும் இன்னும் பாவனை அனுமதி இல்லை. 'நனோ இன்சுலின் துளி' என்று யாரும் விற்றால் வாங்காதீர்கள். அதை நம்பி ஊசியை நிறுத்தவே வேண்டாம்.

கையிலிருக்கும் குப்பியும் அதே மென்மையான புரதம்தான். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒருமுறை உறைந்தது இளகித் தெளிவாகத் தெரிந்தாலும் வீசுங்கள். திறந்ததைப் பெரும்பாலும் 28 நாள் வரை பாவிக்கலாம், லேபலில் உள்ள வெப்ப எல்லைக்குள். கொழும்பில் பகல் வெயில் 30ஐத் தாண்டுவதால், பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமணல் இட்ட மண்சட்டிக்குள், நீர் படாமல் உறையிலிட்டு, நிழலில் வையுங்கள்.

கலங்கல் இன்சுலினைக் குலுக்கக்கூடாது. நுரையில் காற்றுப் படும் இடத்தில் புரதம் மடிப்புக் குலைந்து திரளும். உள்ளங்கைகளுக்கிடையே 10 தடவை உருட்டி, 10 தடவை மெதுவாகத் தலைகீழாக்குங்கள். அதன் பிறகும் கட்டி மிதந்தாலோ கண்ணாடியில் பனிபோல் படிந்திருந்தாலோ அந்தக் குப்பி வேண்டாம். கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஐஸ் நேரே குப்பியில் படாதபடி துவாயால் சுற்றுங்கள்.