95.6-இல் நின்றுவிடும் எத்தனால்

கரும்பு ஆலையில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்க வைத்து வடித்தால், அதாவது கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்வித்துப் பிடித்தால், எத்தனால் என்ற ஆல்கஹால் கிடைக்கும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, எத்தனால் 78.4-இல். இவ்வளவு இடைவெளி இருக்கிறதே, திரும்பத் திரும்ப வடித்தால் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத எத்தனால் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வராது. எடையில் 95.6 சதவீதத்தைத் தொட்டதும் கலவை அடம்பிடிக்கத் தொடங்கும். 78.2 டிகிரியில், ஏதோ ஒரே பொருள் என்பதுபோல, விகிதம் மாறாமல் கொதித்துக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட கலவைக்குப் பெயர் அசியோட்ரோப். 1911-இல் ஜான் வேட், ரிச்சர்ட் மெரிமன் என்ற இருவர் வைத்த பெயர். எத்தனாலின் கொதிநிலையைத் தண்ணீர் எப்படி மாற்றுகிறது என்று வெவ்வேறு அழுத்தங்களில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கிரேக்கத்தில் ‘ஸெய்ன்’ என்றால் கொதிப்பது, ‘ட்ரோபோஸ்’ என்றால் மாற்றம், முன்னால் வரும் ‘அ’ இல்லை என்பதைக் குறிக்கும். கொதித்தும் மாறாதது.

ஏன் மாறுவதில்லை? தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பற்றியிருக்கும். தண்ணீர் நிறைய இருக்கும்போது, அந்தப் பிடிக்குள் சரியாகப் பொருந்தாத எத்தனால் சட்டென்று ஆவியாகிவிடும். அதனால் ஆவியில் எத்தனால் கூடுதல், வடிப்பதும் பலிக்கிறது. எத்தனால் பெருகப் பெருக நிலைமை தலைகீழாகிறது. எத்தனால் கூட்டத்துக்கு நடுவே மாட்டிய கொஞ்சம் தண்ணீருக்குப் பழைய பிடிமானம் கிடைப்பதில்லை. வெளியேற அதுவும் அவசரப்படுகிறது. 95.6-இல் இரண்டின் அவசரமும் சமமாகிவிடும். திரவத்தில் என்ன விகிதமோ அதே விகிதம்தான் ஆவியிலும். பிறகு வடித்து என்ன பயன்?

சரி, இது புதுச் சேர்மமா என்றால் இல்லை. அழுத்தத்தை மாற்றினால் இந்த விகிதமும் மாறுகிறது. வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் அசியோட்ரோப்பே காணாமல் போய்விடும். உண்மையான சேர்மம் அப்படி நடந்துகொள்ளாது.

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் தண்ணீர் இருக்கக்கூடாது. இருந்தால் தொட்டிக்குள் அது தனி அடுக்காகப் பிரிந்துவிடும். ஆகவே அந்தக் கடைசி நாலரை சதவீதத்தை எப்படியாவது விரட்டியாக வேண்டும். 1902-இல் சிட்னி யங் என்ற வேதியியலாளர் பென்சீனைச் சேர்த்து வடித்தார். மூன்றும் சேர்ந்த இன்னொரு அசியோட்ரோப் சுமார் 65 டிகிரியிலேயே கொதித்துத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடும். முள்ளை முள்ளால் எடுத்த வேலை. ஆனால் பென்சீன் புற்றுநோயை வரவழைக்கும்.

இப்போது பெரும்பாலும் ஸியோலைட் என்ற நுண்துளைப் பொருளால் ஆன மணிகள்தான். அவற்றின் துளை சுமார் 0.3 நானோமீட்டர், தண்ணீர் மூலக்கூறு உள்ளே போகும், எத்தனால் போகாது. 1756-இல் ஸ்வீடனின் க்ரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அது நீராவியைக் கக்கியதைப் பார்த்து, ‘கொதிக்கும் கல்’ என்ற பொருளில் வைத்த பெயர்தான் ஸியோலைட். இதிலும் அதே ‘ஸெய்ன்’தான். ஆலைகளில் இந்த மணிகளை இரண்டு கோபுரங்களில் நிரப்பி வைத்திருப்பார்கள். ஒன்று தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மற்றதில் அழுத்தத்தைக் குறைத்து, குடித்த தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். சில நிமிடங்களில் அப்படியே மாற்றிவிடுவார்கள்.