பூனைக்கு யாரும் விஷம் வைக்கவில்லை

துண்டில் சுற்றிய குட்டியை மேசையில் கிடத்தியதும் பலர் சொல்லும் முதல் வாக்கியம், "டாக்டர், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்பதுதான். அண்மையில் ஒருவர் பக்கத்து வீட்டாரோடு சண்டையிட்டு, காவல் நிலையம் வரை சென்று வந்த பிறகே குட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் அதன் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே மடிந்து நிற்கும் அளவுக்கு உடலில் நீர் வற்றியிருந்தது.

விஷம் தின்ற பூனை பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகி, நடுங்கி, வலிப்பு கண்டு விழும். எலி மருந்துகளில் சில மட்டும் நாள் கழித்து இரத்தக் கசிவை உண்டாக்கும். ஆனால், தடுப்பூசி போடாத குட்டி ஒன்று தீனியை வெறுத்து மூலையில் சுருண்டு, காய்ச்சலோடு மஞ்சள் நுரையாக வாந்தியெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்தபடி ஒரு வாய்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பேன்லுகோபீனியா என்னும் வைரஸ் நோயை. கழிச்சல் சில வேளைகளில் பிறகுதான் வரும். ஒரே ஈற்றுக் குட்டிகள் அடுத்தடுத்துச் சாவதையும் விஷத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். தொற்றுநோய் வேறு எப்படித்தான் பரவும்? வைரஸ் புகுந்து சில நாட்கள் கழித்தே நோய் வெளிப்படுவதால், முந்தின இரவு தின்ற மீன் தலையின் மீது பழி போடுவதில் பொருளில்லை. இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

"எங்கள் பூனை வாசலைத் தாண்டாதே" என்பது அடுத்த வாதம். பூனை தாண்டாது, உங்கள் செருப்பு தாண்டுகிறது. இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கக்கூடியது, சானிடைசருக்கு அசையாது. பினாயிலும் உதவாது, போதாக்குறைக்கு அது பூனைக்கு நஞ்சு. விஷம் வைத்தவரைத் தேடும் வீட்டிலேயே காய்ச்சலுக்குக் குழந்தையின் பாராசிட்டமால் சிரப்பைப் புகட்டியிருப்பதும், தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்குரிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டிருப்பதும் உண்டு. இரண்டும் பூனையைக் கொல்லும். தயவுசெய்து வேண்டாம்.

வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பாக்டீரியா தொற்றைத் தடுத்துக் குட்டியைத் தாங்கிப் பிடிக்கிறோம். எனவே முதல் நாளிலேயே வாருங்கள். தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் தொடக்க ஊசிகளின் பலனைக் கெடுக்கக்கூடும் என்பதால், ஒன்றோடு நிறுத்துவது பாதி வேலை. வெறிநோய் ஊசி தனி. அதைப் போட்டுவிட்டு "எல்லாம் போட்டாயிற்று" என்று சொல்லாதீர்கள்.  

குட்டி இறந்த வீட்டில் முதலில் அழுக்கை நீக்கி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்தில் 32 பங்கு தண்ணீர் கலந்து தரையை நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். துயரம் தாளாமல் மறுவாரமே இன்னொரு குட்டியைத் தூக்கி வராதீர்கள். வருவது தடுப்பூசிகளை முடித்த பூனையாக இருக்கட்டும்.