மனசாட்சி: யார் பார்த்த சாட்சி?

கடலூர் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனால் இந்தச் சொல் காதில் விழாமல் திரும்ப முடியாது. "ஒரு கூறு சங்கரா முந்நூறா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?" போன மாதம் நானே கேட்டேன். அந்த அக்கா தலை நிமிராமல் சொன்னார்: "ஏலத்துல நான் என்ன விலைக்கு எடுத்தேன்னு தெரியுமா தம்பி? என் மனசாட்சி கிடக்கட்டும், உன்னோடதைப் பாரு." பேரம் பேசி நாற்பது ரூபாய் குறைத்துத்தான் வாங்கி வந்தேன். ஆனால் அந்தச் சொல்லும் கூடவே வந்துவிட்டது.

'சாட்சி' என்பது வடமொழியின் 'சாக்ஷி'. உள்ளே இருக்கும் 'அக்ஷ' கண்ணைக் குறிப்பது. கண்ணால் கண்டவர்தான் சாட்சி. மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் கூண்டேறுபவரிடமும் அதைத்தான் துருவுவார்கள்: நேரில் பார்த்தீர்களா, யாராவது சொல்லக் கேட்டீர்களா? அப்படியானால் மனசாட்சி என்பது, நான் ஒன்றைச் செய்தபோது கூடவே இருந்து பார்த்த என் மனம். அடுத்தவர் மனம் பார்த்ததை நான் எப்படிச் சொல்வது? ('மனம்' தமிழா வடசொல்லா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

தமிழில் 'மனச்சான்று' என்று எழுதுகிறோம். நல்ல சொல். 'சால்' என்றால் நிறைதல், போதுமாதல். சான்றோரும் சான்றும் அந்த ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் துறைமுகத்தில் போய் "மனச்சான்று இருக்கா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். எழுத்துக்கு அது, பேச்சுக்கு மனசாட்சி. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு: கரி. அடுப்புக்கரி இல்லை, சாட்சி. "இந்திரனே சாலுங் கரி" என்று குறளில் வருவது இதுதான். சிலப்பதிகாரத்தில் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கபூதம் பிடித்துத் தின்கிறவர்களில் 'பொய்க்கரியாளர்', அதாவது பொய்ச்சாட்சி சொல்பவர்களும் உண்டு. கலித்தொகையின் 125ஆம் பாட்டில் இந்தக் கரி நெஞ்சுக்குள்ளேயே வந்துவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்த கொடுமையை மறைத்தாலும், "நெஞ்சத்துக் குறுகிய கரி இல்லை" என்கிறது. நெஞ்சைவிடக் கிட்டத்தில் நிற்கும் சாட்சி கிடையாது என்று பொருள். அது நெய்தல் பாட்டு, எங்கள் கடற்கரைத் திணை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. மனசாட்சியைச் சொல்ல வள்ளுவருக்கோ கரி, சான்று எதுவும் தேவைப்படவில்லை, வெறும் நெஞ்சே போதும்: "தன்னெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்னெஞ்சே தன்னைச் சுடும்." ஒரே குறளில் மூன்று 'தன்'.

இந்தத் 'தன்'தான் நம் பேச்சில் தொலைந்துவிட்டது. "உனக்கு மனசாட்சி இருக்கா?", "அவனுக்கு மனசாட்சியே இல்லை" என்று முன்னிலையிலும் படர்க்கையிலும்தான் சொல்லைப் புழங்குகிறோம். "என் மனசாட்சிக்குத் தெரியும்" என்று தன்மைக்கு வந்தாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளத்தான்.

தன்மையில் எப்படிக் கேட்பது என்று காட்டியவர் எங்கள் மாவட்டத்துக்காரர். மருதூரில் பிறந்து வடலூரில் சபை கட்டிய வள்ளலார் 1854இல் எழுதிய மனுமுறை கண்ட வாசகத்தில், மகனின் தேர்க்காலில் கன்று மாண்டதைக் கேட்ட மனுநீதிச் சோழன் மகனைத் திட்டவில்லை. தான் என்ன பாவம் செய்தேனோ என்று தன்னையே அடுக்கடுக்காகக் கேட்கிறான். "நல்லோர் மனதை நடுங்கச் செய்தேனோ!" என்பது ஊரறிந்த வரி. அந்த வரிசையில் எல்லாம் 'ஏனோ' என்றே முடியும். செய்தாயோ, செய்தானோ என்று ஒன்றுகூடக் கிடையாது.

முன்பும் படித்ததுதான். இந்த முறை "வேலையிட்டுக் கூலி குறைத்தேனோ" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சட்டைப் பையில் அந்த நாற்பது ரூபாய் இருந்தது.