கயிறு கட்டி இழுக்கும்போது ஹசார்டு லைட்: யார் போடுவது, எப்போது அணைப்பது

நின்றுபோன காரை இன்னொரு கார் கயிறு கட்டி இழுத்துப் போவதைச் சேலத்தில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் முன்னால் போகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரும் மின்னிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிற பழுதான வண்டியில் ஒன்றும் எரியாது. உதவ வந்தவர் ஒரு பதற்றத்தில் சுவிட்சை அழுத்திவிடுகிறார். பழுதான வண்டியில் இருப்பவருக்கோ கனத்துப்போன ஸ்டீயரிங்கைச் சமாளிப்பதே பெரும்பாடு, லைட்டெல்லாம் ஞாபகத்துக்கு வராது. ஆனால் பின்னால் வரும் பஸ்காரர் கண்ணில் முதலில் படுவது அந்த லைட் இல்லாத வண்டிதானே?

சேலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், கூடவே பழுதான கார்களை ஏற்றியோ இழுத்தோ வரும் ஒரு ரெக்கவரி வண்டியும் ஓடுகிறது. ஏற்காடு சீசன் வந்துவிட்டால் கிளட்ச் கருகியது, ரேடியேட்டர் கொதித்தது என்று போன் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒரு புண்ணியவான் கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்திருப்பார். அவர் நல்ல மனசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லைட் விஷயத்தில் மட்டும் சொல்ல நிறைய இருக்கிறது.

ஹசார்டுக்கென்று காரில் தனி பல்பு கிடையாது. இண்டிகேட்டரில் இருக்கும் அதே ஆரஞ்சு பல்புகளைத்தான் இரண்டு பக்கமும் சேர்த்து மின்ன வைக்கிறோம். சாவி போடாமலும் எரிய வேண்டும் என்பதால் பேட்டரியிலிருந்து நேராக லைன் வருகிறது. பல்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால்தான் ஹசார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இண்டிகேட்டர் லீவரை மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் பெரும்பாலான கார்களில் வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. சில ஜெர்மன் கார்களில் மட்டும், சாவி ஆனில் இருந்தால் லீவரைத் தட்டியதும் ஹசார்டு நின்று அந்தப் பக்கத்து இண்டிகேட்டர் மட்டும் எரியும். உங்கள் கார் எந்த ரகம் என்று வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

ஆக, ஹசார்டைப் போட்டால் "நான் மெதுவாகப் போகிறேன், ஜாக்கிரதை" என்று சொல்லலாம். "வலது பக்கம் திரும்பப் போகிறேன்" என்று சொல்ல முடியாது. இழுத்துப் போகும் வண்டிக்கு இரண்டையும் சொல்லியாக வேண்டும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கோரிமேடு பக்கம் ஒரு மாலையில் நேரில் பார்த்தது. ஒரு ஆம்னி, பின்னால் கயிற்றில் ஒரு ஆல்ட்டோ. ஆம்னிக்காரர் நாலு இண்டிகேட்டரையும் போட்டபடி வந்தவர், வலது பக்கம் இருந்த பெட்ரோல் பங்குக்குள் திரும்ப நினைத்து லீவரையும் தட்டிவிட்டார். வெளியே எதுவும் மாறவில்லை. வண்டி வேகம் குறைந்தது. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர், முன்னால் ஏதோ ஊர்ந்துபோகிறது என்று ஆல்ட்டோவை வலது பக்கம் ஏறி முந்தினார். ஆம்னி குறுக்கே திரும்பியது. அவர் பிரேக் பிடித்து, இரண்டு காருக்கும் நடுவில் தெரிந்த சந்தில் வண்டியை விட்டார். கயிறு அந்த நேரம் தொய்ந்து ரோட்டில் கிடந்ததால் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். விறைப்பாக இருந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே இழுத்துப் போட்டிருக்கும்.

"இண்டிகேட்டர் போட்டேனுங்களே" என்றார் ஆம்னிக்காரர்.

"எங்கண்ணா போட்டீங்க? ரெண்டு பக்கமும்தான் எரிஞ்சுது" என்றார் ஸ்கூட்டர்காரர்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது இதுதான். நேர் ரோட்டில் போகும்போது இரண்டு வண்டியிலும் ஹசார்டு எரியட்டும். ஒரே ஒரு வண்டியில்தான் முடியும் என்றால் அது பின்னால் வரும் பழுதான வண்டியாக இருக்கட்டும். திரும்புவதற்குச் சற்று முன்னால், ஐம்பது மீட்டர் இருக்கும்போதே, இரண்டு பேரும் ஹசார்டை அணைத்துவிட்டு இண்டிகேட்டர் போட வேண்டும். திரும்பி முடித்து வண்டி நேரான பிறகு மறுபடி ஹசார்டு. முன்னால் போகிறவர் மட்டும் மாற்றினால் போதாது, அவருடைய பின் விளக்கை இழுபடும் வண்டி பாதி மறைத்துவிடும். பின் வண்டியில் இண்டிகேட்டர் எரிய சாவி ஆனில் இருக்க வேண்டும். எப்படியும் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க சாவியைத் திருப்பித்தானே வைத்திருப்பீர்கள்? பகலாக இருந்தால் பின் வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையையும் காட்டலாம். கை சிக்னலெல்லாம் லைசென்ஸ் எடுக்கிற அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். பேட்டரி செத்த வண்டிக்கு மிஞ்சுவது அதுதான்.

கிளம்புவதற்கு முன் கீழே இறங்கி இரண்டு வண்டியையும் சுற்றி வந்து பாருங்கள். ஒரு பக்கப் பின் பல்பு போயிருந்தால், பின்னால் வருபவர் கண்ணுக்கு உங்கள் ஹசார்டு வெறும் ஒரு பக்க இண்டிகேட்டராகத்தான் தெரியும். இடது பக்கம் மட்டும் மின்னினால் ஓரம் கட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு முந்துவார். வலது பக்கம் மட்டும் மின்னினால் இன்னும் குழப்பம். லாரிக்காரர்கள் "போய்க்கோ" என்று சொல்லவும் இண்டிகேட்டர் போடுகிற ஊர் நம்முடையது. பல்பு நன்றாக இருந்தாலும் டிராஃபிக்கில் ஒரு பக்கத்தைப் பக்கத்து வண்டி மறைத்துவிட்டால் இதே கதைதான்.

வெளிநாட்டிலும் இதில் ஒத்த கருத்து கிடையாது. ஜெர்மனியின் சாலை விதி, இழுக்கும்போது இரண்டு வண்டியிலும் ஹசார்டு எரிய வேண்டும் என்கிறது. இங்கிலாந்தின் ஹைவே கோடு இதற்கு நேர் எதிர். ஓட்டும்போதோ இழுபடும்போதோ ஹசார்டு போடக் கூடாது, மோட்டார்வே மாதிரி வேகச் சாலைகளில் முன்னால் இருக்கும் ஆபத்தைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல மட்டும் போடலாம் என்கிறது. முதலாமவர்கள் பின்னால் வருபவர் எச்சரிக்கை பெறுவதைப் பெரிதாக நினைத்திருக்கிறார்கள், இரண்டாமவர்கள் இண்டிகேட்டரை இழக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் ரோட்டுக்கு ஜெர்மன்காரர் வழிதான் சரி என்பது என் கட்சி. திரும்பும் இடத்தில் மட்டும் இங்கிலாந்துக்காரர் பேச்சைக் கேட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டு விதியில் பலர் கவனிக்காத சில விஷயங்கள் உண்டு. இழுபடும் வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பின் வண்டியின் முதுகில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் செய்கிறவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு அட்டையும் மார்க்கர் பேனாவும் போதும். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் மேலே சொன்ன ஸ்கூட்டர்காரர் மாதிரி யாரும் சந்து என்று நினைத்து உள்ளே நுழைய மாட்டார்கள். இருட்டிவிட்டால் துணி தெரியாது. இருட்டில் கயிறு கட்டி இழுக்காமல் இருப்பதே மேல்.

பேட்டரி கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண இண்டிகேட்டர் பல்பு ஒன்று 21 வாட். நாலும் சேர்ந்தால் 84 வாட், 12 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர். பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி அதில் பாதி. சின்ன கார்களில் வரும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சில மணி நேரம் தாங்கும். ரேடியேட்டர் கொதித்தோ கிளட்ச் போயோ நின்ற வண்டி என்றால் கவலையில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய் நின்ற வண்டியில் பேட்டரி ஏற்கெனவே வற்றியிருக்கும், ஹசார்டு மங்கலாக நாலு தடவை மின்னிவிட்டு நின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ஏசி ஃபேன், பாட்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மிச்சமிருக்கும் கரண்டை ஹசார்டுக்கு விடுங்கள். அதுவும் இல்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டு ரெக்கவரி வண்டிக்குக் காத்திருங்கள்.

இனி மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரோட்டில் இறக்கத்தில் கயிறு கட்டி இழுப்பது என்ற பேச்சே வேண்டாம். என்ஜின் ஓடாத வண்டியில், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதி மிதித்த பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து நிறுத்த என்ஜினும் உதவாது. பின் வண்டி முன் வண்டியின் முதுகில் போய் உட்காரும். ஹசார்டு லைட் இதையெல்லாம் தடுக்காது. தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கும் இதே பேச்சுதான். அங்கே தேசிய நெடுஞ்சாலை என்பதால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடிக்கலாம். ஏற்காடு ரோடு மாநில நெடுஞ்சாலை, அங்கே உள்ளூர் ரெக்கவரியைக் கூப்பிடுங்கள், ஆபத்து என்றால் 112.

காத்திருக்கும் நேரத்தில் ஹசார்டு ஓடட்டும். கூடவே ரிஃப்ளெக்டர் முக்கோணத்தை வையுங்கள். காருக்குப் பின்னால் நாலு எட்டு தள்ளி வைத்துவிட்டு வந்தால் மலையில் பிரயோஜனமில்லை. வளைவு தாண்டி நின்றிருக்கிறீர்கள் என்றால் முக்கோணம் வளைவுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் பின்னால் வருபவர் வளைவுக்குள் நுழைய வேண்டும். வளைவில் நிற்கும் காரின் ஹசார்டு, வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. முக்கோணம் இல்லாதவர்கள் மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள், லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், தவறில்லை. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கல்லும் அப்படித்தான். ஆனால் வண்டி கிளம்பியதும் கிளையும் கல்லும் ரோட்டிலேயே கிடக்கும். இரவு பைக்கில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கல் எமன். எங்கள் பையன்களிடம் காரை ஏற்றியதும் முதல் வேலை கல்லைப் பொறுக்குவதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மலையில் இன்னொரு பழக்கம் என்னை ரொம்பவே கடுப்பேற்றும். மூடுபனி இறங்கியதும் டூரிஸ்ட் கார்கள் வரிசையாக ஹசார்டைப் போட்டுக்கொண்டு ஓடும். பனியில் பத்து கார் மின்னிக்கொண்டே நகர்ந்தால், பதினோராவதாக மின்னும் கார் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? வளைவில் இண்டிகேட்டரும் வேலை செய்யாது. பனிக்கு லோ பீம் ஹெட்லைட், ஃபாக் லேம்ப் இருந்தால் அது. ஊருக்குள்ளும் அப்படியே. சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று காட்ட ஹசார்டு போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நேராகப் போவதற்கு எந்த லைட்டும் வேண்டாங்க.

ரெக்கவரி வண்டியின் தலையில் ஆரஞ்சு நிறச் சுழல் விளக்கு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எச்சரிக்கை வேலையை அது பார்த்துக்கொள்வதால் எங்கள் இண்டிகேட்டர் திரும்புவதற்கென்று சும்மா இருக்கும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டி என்றால் உங்கள் காரின் பின்புறம்தான் கடைசியாகத் தெரியும், எங்கள் பின் விளக்குகளையும் அது மறைத்துவிடும். அதற்காகச் சிலர் காந்தம் வைத்த ஒரு விளக்குப் பட்டையைக் காரின் பின்னால் ஒட்டி, ஒயரை ரெக்கவரி வண்டியில் சொருகுவார்கள். அது இருந்தால் காரில் ஹசார்டு வேண்டாம். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கார், எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் போனிலேயே அதைச் சொல்லி, நாலு சக்கரமும் மேலே ஏறுகிற ஃபிளாட்பெட் கேளுங்கள்.

ஃபிளாட்பெட்டில் ஏற்றிய பிறகு காரின் ஹசார்டை அணைத்துவிட்டு இறங்குங்கள். அங்கே உங்கள் கார் வெறும் சரக்கு. உயரத்தில் அது தனியாக மின்னிக்கொண்டு வந்தால், கீழே எங்கள் வண்டி போடும் இண்டிகேட்டர் பின்னால் வருபவர் கண்ணில் விழாது. பதற்றத்தில் முக்கால்வாசிப் பேர் அதை எரியவிட்டே சாவியைக் கையில் கொடுப்பார்கள். அதனால் பெல்ட்டை இறுக்கி முடித்ததும் கதவைத் திறந்து அந்தச் சிவப்பு முக்கோண சுவிட்சை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவது.