ஃபிஸ்டுலா: பவுத்திரம் அல்ல, புரைவழி

பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பவுத்திரம்’ விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆசனவாய்ப் பக்கம் வரும் அந்தப் பவுத்திரத்தை டாக்டர் ஃபிஸ்டுலா என்பார். டயாலிசிஸ் செய்துகொள்பவரும் ‘கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கு’ என்பார். அது ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து வைப்பது. எத்தியோப்பிய மலைக் கிராமத்துப் பெண்ணுக்குப் பிரசவத்தில் வரும் ஃபிஸ்டுலா இரண்டிலும் சேராது. அதையும் பவுத்திரம் என்று எழுதினால், படிப்பவர் மனசு நேரே அந்தச் சுவருக்குத்தான் போகும்.

லத்தீனில் ஃபிஸ்டுலா என்றால் குழாய். இடையன் ஊதும் குழலுக்கும் அதே சொல்தான். உடம்புக்குள் இருக்கக் கூடாத இடத்தில் விழும் வழிக்கும் அந்தப் பெயரே வந்தது.

பிரசவத்தில் அது எப்படி விழுகிறது? குழந்தையின் தலை இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்கிறது. வலி இரண்டு மூன்று நாள் நீள்கிறது. தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு ரத்தம் போகாது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். சில நாளில் செத்த சதை கழன்று, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே ஓட்டை விழும். அப்புறம் இரவும் பகலும் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நாற்றம் தாங்காமல் புருஷன் விலகுவான், ஊர் ஒதுக்கும். நேரத்துக்குச் சிசேரியன் செய்திருந்தால் இது வந்திருக்காது. அதனால்தான் ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களிலும் போரில் பாதை அடைபட்ட ஊர்களிலும் இது இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதன் முழுப்பெயர் ‘ஆப்ஸ்டெட்ரிக் ஃபிஸ்டுலா’. முன்னால் வரும் ‘ஆப்ஸ்டெட்ரிக்’ பிறந்தது ‘ஆப்ஸ்டெட்ரிக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. மருத்துவச்சி என்று பொருள்; வேரைப் பிரித்தால் ‘எதிரே நிற்பவள்’. எதிரே நிற்க ஆளில்லாத பிரசவத்தில் வரும் நோய்க்கு இப்படி ஒரு பெயர்!

1959-இல் எத்தியோப்பியாவுக்கு வந்த மகப்பேறு மருத்துவர்கள் கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் தம்பதி 1974-இல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். அவர்களிடம் நோயாளியாக வந்த மமிட்டு காஷே என்ற கிராமத்துப் பெண், மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காமலே, ஓட்டையைத் தைத்து அடைக்கும் அறுவையைக் கற்றுக்கொண்டு மற்ற பெண்களுக்குச் செய்தார். ஓட்டை அடைபட்டதா என்று பார்க்கும் முறை எளிது: சிறுநீர்ப்பையில் நீலச் சாயம் கலந்த நீரை நிரப்புவார்கள், பிறப்புவழியில் வெள்ளைத் துணி வைப்பார்கள். துணி வெள்ளையாகவே வந்தால் தையல் நின்றது.

சரி, தமிழில்? நம்மிடம் ‘புரை’ இருக்கிறது. உள்துளை என்று பொருள்; ‘புண் புரையோடிப் போச்சு’ என்பதில் வருவது அதுதான். குழாய் என்ற லத்தீன் பொருளுக்கு இவ்வளவு கிட்டத்தில் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஒரே சங்கடம், புரைக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு. குறளில் ‘புரைதீர்ந்த’ என்றால் குற்றம் நீங்கிய. ஏற்கெனவே ‘சாபம்’ என்று பேச்சு வாங்குகிற பெண்ணின் தலையில் அதையும் ஏற்றுவானேன்? ‘வழி’யைச் சேர்த்துவிட்டால் துளை என்ற பொருள்தான் முன்னே நிற்கும். ஆகவே எழுத்தில் ‘பேறுகாலப் புரைவழி’. டாக்டரிடம் பேசும்போது ஃபிஸ்டுலா என்றே சொல்லுங்கள். ‘பிரசவத்தில் வந்தது’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.