மொலாசஸ்: வெல்லப்பாகா, கழிவுப்பாகா?

தீவனக் கடையில் மொலாசஸ் என்று கேட்டால், கன்னங்கரேல் என்று, ஊற்றினால் கம்பியாக இழுபடும் பாகு ஒன்றைக் காட்டுவார்கள். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தபிறகு, இனி படிகமாகாது என்று ஆலை ஒதுக்கும் மிச்சம் அது. ஒதுக்கினாலும் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான்.

சொல் ஆங்கிலம் வழியாக வந்தாலும் ஊர் போர்ச்சுகல். அங்கே ‘மெலாசோ’. அதற்கு வேர், தேனைக் குறிக்கும் ‘மெல்’ என்ற லத்தீன் சொல்.

தமிழ்க் கையேடுகள் பலவற்றில் இது ‘வெல்லப்பாகு’ ஆகிவிட்டது. எனக்கு ஒப்பவில்லை. வெல்லப்பாகு அதிரசத்துக்கு வைப்பது. அதிலும் சாயல்குடிப் பக்கம் பாகு என்றாலே பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றும் கருப்பட்டிப் பாகுதான். ‘வைக்கோலில் வெல்லப்பாகு தெளிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்தால், “கருப்பட்டி விக்கிற விலையில மாட்டுக்கா?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எரிசாராய ஆலைச் செய்திகளில் வரும் ‘கழிவுப்பாகு’ என்ற சொல்லே பொருத்தம். கழிவு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சர்க்கரையைக் கழித்தபின் நிற்பது என்றுதான் பொருள்.

அடுத்த சொல் ‘லிக்விட் சப்ளிமெண்ட்’. இந்தப் பாகைக் கரைத்து மாட்டுத் தீவனத்தோடு சேர்க்கும் கரைசலுக்கு ஆங்கிலப் பெயர் அது. சப்ளிமெண்டுக்கும் வேர் லத்தீன்தான்: குறையை நிரப்புவது. ‘நீர்மத் துணைத்தீவனம்’ என்பது பாடநூலுக்குச் சரி. தொழுவத்தில் ‘பாகுத் தீவனம்’ என்றால் போதும். பாட்டிலில் வரும் கால்சியம் டானிக்கையும் இதையும் ஒன்றாகப் பேசுகிறவர்கள் உண்டு. டானிக் அளந்து புகட்டுவது. இது தீவனத்தோடு கலந்து தின்னக் கொடுப்பது.

எந்தக் குறையை நிரப்புகிறது? திருவாடானை, தொண்டிப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்தால் கோடை முழுக்க மாட்டுக்குப் படப்பு வைக்கோல்தான். அதில் நார் உண்டு, புரதம் மிகக் குறைவு. கழிவுப்பாகிலும் புரதம் சொற்பம். அதனால்தான் கூடவே கொஞ்சம் யூரியாவும் தாது உப்பும் சேர்க்கிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதைப் புரதமாக மாற்ற, அந்த வேலைக்குச் சக்தி தருவது பாகின் சர்க்கரை. ஒன்றில்லாமல் மற்றொன்று கொடுத்தால் பாதிப் பலன்கூட இல்லை.

செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் யூரியா ஒரு குருணைகூட மிஞ்சாமல் தண்ணீரில் கரைய வேண்டும். அப்புறம்தான் பாகு. பரப்பிய வைக்கோலில் பூவாளியால் தெளித்துப் புரட்டிவிட்டால், சாதாரணமாகக் காம்பை ஒதுக்கும் மாடுகூட அதையும் நக்கித் தின்னும். எறும்பும் வரும், அது வேறு கதை. தண்ணீர் கலந்த பாகை நாள்கணக்கில் வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது.

யூரியா மொத்த உலர்தீவன எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழக்கமில்லாத மாட்டுக்குச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். அளவு மிஞ்சினால் அம்மோனியா ரத்தத்தில் ஏறி வயிறு உப்பும், உடம்பு நடுங்கும், உயிரும் போகும். கரைசல் மிஞ்சியிருக்கும் வாளியைக் கழனித்தண்ணீர்த் தொட்டி பக்கம் வைக்கவே வேண்டாம், தாகத்தில் மாடு மடமடவென்று குடித்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு யூரியா கலந்தது எதுவுமே கூடாது. அதன் முதல் வயிறு இன்னும் அந்த வேலைக்குத் தயாராகியிருக்காது.